மூன்றோ எட்டோ

ஒரு வாகனத்தின் செசி இலக்கம், அதாவது அதன் அடிச்சட்டத்தில் பொறித்த எண், அழிக்கப்பட்டோ, மாற்றப்பட்டோ, மீளப் பொறிக்கப்பட்டோ இருப்பதைக் கண்டால், பரிசோதகர் அந்த வாகனத்தை விடுவிக்காமல் தடுத்து வைக்க வேண்டும்; பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதில் ‘ஆனால்’ கிடையாது. ‘உரிமையாளர் நல்ல மனிதராயின்’ என்ற உபபிரிவும் கிடையாது.

வாகனப் பரிசோதகர்களாகப் புதிதாகச் சேர்ந்த நீங்கள், என் பணிக்காலத்தில் மறக்க முடியாத அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டீர்கள். என் பணிக்காலத்தில் மறக்க முடியாதது எதுவும் நடக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். நடந்தது ஓய்வு பெற்ற பிறகு. மேலே சொன்ன விதியைப் பயிற்சி வகுப்பில் வருடக்கணக்காகப் படிப்பித்தவன் நான். அந்த விதிப்படி தடுத்து வைக்கப்பட வேண்டிய வாகனத்தோடு, விண்ணப்பகாரனாக, வரிசையில் போய் நின்றவனும் நான்.

ஓய்வு பெற்ற கையோடு ஊர்க் கோயில் சபையின் பரிபாலனக் குழுவில் சேரும்படி அழைத்தார்கள். ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அதைவிடக் குறைவாகவே புகைக்கும் என்று முடிவெடுத்து, அச்சுவேலியில் ஒரு டேர்ட் பைக்கை, கரடுமுரடான பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளை, வாங்கினேன். வயல் வரம்புகளில் ஓடித்திரிந்த உத்தியோகத்தர் ஒருவருடையது. அவர் காலமான பின் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றது. இருக்கை கோழிகளின் அனுபவ பாத்தியதைக்குப் போயிருந்தது. மற்றவர்கள் எஞ்சினைப் பார்த்து வாங்குவார்கள். நான் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து வாங்கினேன். அவருடைய மனைவி அதைப் பொலித்தீனில் சுற்றி வேதாகமத்தோடு வைத்திருந்தார். எத்தனையோ இடப்பெயர்வுகளிலும் ஓர் ஓரம்கூட நனையாத புத்தகம். அப்படியொரு புத்தகத்துக்காக எந்தத் துருவையும் சகிக்கலாம்.

துருவைக் கவனிக்க எனக்கு வாய்த்தவர் மரியதாஸ். குருநகரில் படகு எஞ்சின் திருத்துபவர். கடலில் ஓடுவதும் டூ ஸ்ட்ரோக்தானே என்று அவரிடம் கொண்டு போனேன். கிக்கரை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அசையவில்லை. சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார்.

“அண்ணை, இது மண்ணெண்ணெய் குடிச்ச ஆள்.”

“பெற்றோல் வராத காலத்திலை எல்லாரும் அதைத்தானே விட்டது?”

“ஓம். குசினிப் புகைக்கூடு மாதிரிக் கிடக்கு. ஆனால் சாகேல்லை. மயக்கம்தான்.”

மயக்கம் தெளிய ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தையும் நான் விவரிக்கப் போவதில்லை. ஆளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மரியதாசால் எதையும் பாதியில் விட முடியாது. எவர் கண்ணிலும் படாத இடத்தில் இருந்த ஒரு நட்டின் விளிம்பு மழுங்கியிருந்தது என்பதற்காக, அதே காலத்து நட்டைத் தேடிக் கொடிகாமம் வரை போய் வந்தார். “ஆர் பாக்கப் போகினம்?” என்று கேட்டேன். “நான் பாத்திட்டனே” என்றார். இந்தக் குணம்தான் பிறகு எங்கள் இருவரையும் சந்தியில் நிறுத்தியது.

எஞ்சின் முதன்முதலாகப் பேசியது ஒரு பின்னேரம், அரியாலையில் என் வீட்டு வளவில். அயல்வீட்டு அம்மா ஓடிவந்து கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு போனார். மரியதாஸ் புகைக்குள் நின்று சிரித்தார். அந்த நாட்களில் அவருக்குச் சிரிக்க வேறு காரணமும் இருந்தது. அவர்களுடைய கடற்றொழிலாளர் சங்கம் கரையோரத்தில் எஞ்சின் திருத்தும் கூடம் ஒன்றைக் கட்டியிருந்தது. அதுவரை அவர் வேலை செய்தது தெருவோரத்தில், கூரையாகக் கட்டிய ஒரு தறப்பாளின் கீழ். மழை வந்தால் தொழில் இல்லை. கூடத்தின் பொறுப்பையும் பூட்டுத் திறப்பையும் அவர் கையில் கொடுப்பதென்று நிர்வாகம் தீர்மானித்திருந்தது. பொதுக்கூட்டம் சரி சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. ஒரே ஒரு நிபந்தனை: பொறுப்பெடுப்பவர் மேல் இயந்திர இலக்கம் சம்பந்தமான முறைப்பாடு எதுவும் இருக்கக் கூடாது. காரணம் உங்களுக்கு விளங்கும். களவு போகும் படகு எஞ்சின்கள் புது இலக்கத்தோடுதான் திரும்பக் கடலுக்குப் போகின்றன.

நீண்ட காலம் ஓடாத வாகனத்தை என் பெயருக்கு மாற்றி வீதியில் விடுவதற்குப் பரிசோதகரின் அறிக்கை தேவை. பரிசோதனைக்கு முதல்நாள் காலை மரியதாசுடன் தொலைபேசியில் கதைத்தேன். பைக் கடைசி வேலைகளுக்காக அவரிடம் நின்றது. ஹாண்டிலுக்குக் கீழே, செசியின் கழுத்தில் இருக்கும் இலக்கம் உப்புக்காற்றில் அரித்துப்போய் மங்கலாக இருந்தது எனக்கு நினைவு. சொன்னேன்:

“மரியதாஸ், செசி நம்பர் வடிவாத் தெரியவேணும். பாத்துச் செய்து வையுங்கோ.”

வெளி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலருக்காக இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘வடிவா’ என்றால் ‘நன்றாக’, ‘தெளிவாக’. வடிவாப் பார், வடிவாச் சாப்பிடு, வடிவாக் கேள். ‘அழகாக’ என்பதும் அதே சொல்தான். எந்த இடத்தில் எது என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். நான் சொன்னது துருவைத் துடைத்து விடும்படி. எதையும் பாதியில் விடாத மரியதாசின் காதில் விழுந்தது மற்றது.

அடுத்த நாள் காலை பரிசோதனை முற்றத்தில் எனக்கு முன் இரண்டு வாகனங்கள் நின்றன. மரியதாஸ் பைக்கை ஒரு சின்ன லொறியில் கொண்டுவந்து இறக்கினார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. திறப்பு விழாவில் திரை நீக்குவதைப் போல அதை எடுத்தார்.

இலக்கம் பளபளவென்று இருந்தது. ஒவ்வோர் எண்ணும் புதிதாக, ஆழமாக, ஒரே வரிசையில்.

“என்ன செய்தனீர்?”

“நம்பர்ப் பஞ்ச் ஆணியாலை அடிச்சனான். ஒண்டு ஒண்டா, லென்ஸ் வைச்சு. பழைய குழிக்குள்ளையே இருத்தி அடிச்சது, அண்ணை. ஒரு மயிரிழை விலகேல்லை. வடிவா இருக்கோ?”

வடிவாக இருந்தது. அப்படியொரு வேலையை நான் கண்டதில்லை. பணிக்காலத்தில் கண்டிருந்தால் அந்த நிமிடமே பொலிசுக்கு அறிவித்திருப்பேன். அதைத்தான் அவரிடம் சொன்னேன். இலக்கத்தை மீளப் பொறிப்பது குற்றம், அது சரியான இலக்கமாக இருந்தாலும் குற்றம் என்று. அவர் கையிலிருந்த வெள்ளைத் துணியை மடித்தார். பிறகு மெதுவாக, “சங்கத்துக்கு இது போகுமோ?” என்று கேட்டார்.

முன்னால் நின்ற வாகனங்களில் ஒன்று போய்விட்டது. பரிசோதகர் வினோதினி, ஒரு காலத்தில் என் வகுப்பில் முன் வரிசையில் இருந்தவர். என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையசைத்துச் சிரித்தார். என் வாகனத்தை அவர் குனிந்து பார்க்கப் போவதில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மரியாதை என்பது எங்கள் தொழிலில் மிக ஆபத்தான பொருள். நான் வாய் திறக்காமல் நின்றாலே போதும். இலக்கத்தின் மேல் கொஞ்சம் கிறீசும் மண்ணும் பூசலாம். எஞ்சின் இடக்குப் பண்ணுகிறது என்று சொல்லி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். இந்தத் தந்திரங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் செய்தவர்களைப் பிடித்திருக்கிறேன். ஒரு மனிதனின் நேர்மையைவிட அவனுடைய தொழில் அறிவுதான் இப்படியான நேரத்தில் முந்திக்கொண்டு ஓடி வருகிறது. அதை அன்றுதான் அறிந்தேன்.

விண்ணப்பத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பரிசோதனைக்கு முன் தானாக அறிவிப்பதற்கும், பரிசோதனையில் அகப்படுவதற்கும் அலுவலகத்தில் திறக்கப்படும் கோவையில் பெரிய வித்தியாசம் உண்டு. எழுதத் தொடங்கினேன்: இந்த இலக்கத்தை மீளப் பொறித்தவன் நான்.

மரியதாஸ் என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டார்.

“உதை வெட்டுங்கோ அண்ணை.”

“நான் ஓய்வு பெற்றவன். என்னை ஒருதரும் ஒண்டும் செய்யேலாது. உமக்குத்தான் சங்கத்துக் கூடம்.”

“வெட்டுங்கோ எண்டுறன். உங்கடை கையாலை ஒரு ஆணி நேரா இறங்கினதை நான் இந்த ஏழு மாசத்திலை காணேல்லை. உந்த வேலையைப் பாத்திட்டு நீங்கள் அடிச்சதெண்டு ஆர் நம்புவினம்? என்ரை வேலை. என்ரை பேரைப் போடுங்கோ.”

அந்த வரியை வெட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். என்ன சொல்லி அனுப்பினேன், அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதையும், ‘வடிவா’ என்ற சொல்லையும் சேர்த்து. வினோதினி எங்களிடம் வந்தபோது கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை வாசித்தார்.

“சேர், நான் இதைத் தடுத்து வைக்கத்தான் வேணும்.”

“வையுங்கோ பிள்ளை. வைக்காட்டி நானே உங்களுக்கு எதிரா எழுதுவன்.”

இனித்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். நானாக இருந்திருந்தால், என் காலத்தில், படிவத்தை நிரப்பிவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போயிருப்பேன். விதி அதற்கு மேல் கேட்கவில்லை. வினோதினி குனிந்து அந்த இலக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் அல்ல, மரியதாசிடம் கேட்டார்.

“அண்ணை, நடுவிலை ஒண்டை அடிக்காமல் விட்டிருக்கிறியள். ஏன்?”

நான் அப்போதுதான் பார்த்தேன். பளபளத்த வரிசையில் ஓர் எண்ணின் இடத்தில் மட்டும் பழைய துருவும் குழியும் அப்படியே இருந்தன. தந்திரங்களை எண்ணிக்கொண்டு நின்றவனின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

“அது மூண்டோ எட்டோ எண்டு தெரியேல்லை, பிள்ளை. அரிச்சுப் போச்சு. தெரியாததை எப்பிடி அடிக்கிறது?”

“பதிவுப் புத்தகத்திலை இருக்குமே. சேரிட்டைக் கேட்டிருக்கலாமே?”

மரியதாஸ் அவரை விசித்திரமாகப் பார்த்தார். “புத்தகத்தைப் பாத்து அடிச்சால் அது கள்ளமெல்லோ?”

இரும்பில் இருப்பதைத் துலக்குவது வேலை. இரும்பில் இல்லாததைத் தாளைப் பார்த்து அடிப்பது களவு. திணைக்களத்தின் சுற்றறிக்கை ஒன்றிலும் இல்லாத இந்தப் பிரிவினையைத் தானே வரைந்து, அதற்குள் கவனமாக நின்றிருக்கிறார் மனிதர். பொய் இலக்கம் அடிப்பவன் இடைவெளி விடுவதில்லை. விட்டால் அவனுக்கு என்ன பயன்? வினோதினி தன் அறிக்கையில் மூன்று வரி கூடுதலாக எழுதினார்: ஓர் எண் பொறிக்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது, காரணம் கேட்கப்பட்டது, பதில் இது. இலக்கத்தின் மேல் காகிதம் ஒட்டி முத்திரை வைத்தார். அடியில் இருக்கும் பழைய எண்ணைக் காட்டும் இரசாயனப் பரிசோதனை முடியும்வரை வழக்குத் தொடர வேண்டாம் என்ற வேண்டுகோளோடு பொலிசுக்கு அறிவித்தார். அந்த மூன்று வரியை எழுதும்படி விதி அவரைக் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நல்ல உத்தியோகத்தர்கள் வேலை செய்வது அந்த இடத்தில்தான்.

படிவத்தில் ஒரு நிரல் மட்டும் அவர் கையை மீறியது. ‘சந்தேகநபரின் பெயர்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. மரியதாசின் பெயர் அங்கே ஏறியது.

குருநகருக்குச் செய்தி எங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த கிழமை நான் தறப்பாளின் கீழ் இருந்தபோது, தெருவால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டார்: “மரியதாஸ் அண்ணை, என்ரை எஞ்சினுக்கும் ஒரு புது நம்பர் அடிச்சு விடுறியளோ?”

“முதல்லை எஞ்சினை வாங்கடா, பிறகு நம்பரைப் பாப்பம்” என்றார் மரியதாஸ். சைக்கிள்காரர் போன பிறகு வெகுநேரம் கையிலிருந்த பிளக்கையே துடைத்துக்கொண்டிருந்தார்.

சங்கத் தலைவர் நேரிலே வந்தார். நல்ல மனிதர். “நீ செய்யமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும், மரியதாஸ். ஆனால் எனக்குத் தெரியும் எண்டதைக் கூட்டக் குறிப்பிலை எழுதேலாது. ஒரு கடதாசி கொண்டா” என்றார். பொதுக்கூட்டத்தைப் பெப்ரவரிக்குத் தள்ளி வைத்தார்கள்.

என் வாக்குமூலம் கொழும்பில் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. மொழிபெயர்த்தவர் அகராதியை நம்பியவர் போலும். ‘வடிவா’ அவர் கையில் ‘வடிவம்’ ஆகிவிட்டது. ஒரு கேள்விக் கடிதம் வந்தது: மேற்படி இலக்கம் முன்னர் எந்த வடிவத்தில் இருந்தது, உமது அறிவுறுத்தலின் பேரில் அது எந்த வடிவத்துக்கு மாற்றப்பட்டது? பணிக்காலத்தில் நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் எடுக்காத சிரமத்தை எடுத்து இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு யாழ்ப்பாணத்து வினையடைகளைப் பற்றி எழுதப்பட்ட முதல் கட்டுரை அதுவாக இருக்கலாம்.

மாரி மழையோடு இரசாயனப் பரிசோதனை அறிக்கையும் வந்தது. புதிய எண் ஒவ்வொன்றின் அடியிலும் பழைய எண் அப்படியே, விலகாமல் இருந்தது. விடப்பட்ட இடத்தில் இருந்தது மூன்று. பதிவுப் புத்தகத்திலும் மூன்று. வாகனத்தை விடுவிக்கலாம்.

விடுவிப்புப் படிவத்தோடு வினோதினி எங்களை அழைத்தார். பேனாவை எடுத்தேன். அப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. ‘சந்தேகநபர்: மரியதாஸ். மேல் நடவடிக்கை இல்லை.’

உங்களில் பலர் அந்த வரியை நல்ல செய்தி என்று நினைப்பீர்கள். மேல் நடவடிக்கை இல்லை என்றால் ஆள் குற்றமற்றவர் என்று பொருள் அல்ல; அலுவலகத்துக்கு அலுத்துவிட்டது என்று பொருள். கோவை மூடப்படும். அதற்குள் அந்தப் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் என்றைக்கும் இருக்கும். சங்கம் கேட்டால் கொடுக்கப்படும் பிரதியிலும் இருக்கும். பேனாவை மூடினேன்.

“கையெழுத்தை வையுங்கோ அண்ணை” என்றார் மரியதாஸ். “எஞ்சின் மழைக்கை நிக்குது.”

“நிக்கட்டும்.”

“ஏழு மாசம் பாடுபட்டது!”

“உரிமையாளர் கையெழுத்து வைக்காட்டிக் கோவையை மூடேலாது. மூடாத கோவை மாசக் கடைசி அறிக்கையிலை வரும். ஒவ்வொரு மாசமும் வரும். ஏன் மூடேல்லை எண்டு ஒவ்வொரு மாசமும் ஒரு ஆள் காரணம் எழுதவேணும். கொழும்பிலை ஆராவது ஒருதருக்கு இது தாங்கேலாமல் போகும்.”

வினோதினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. “சேர், அந்தக் காரணத்தை எழுதப் போறது நான்” என்றார்.

“ஓம். அதுக்கு மன்னிக்கவேணும்.”

“பரவாயில்லை. நான் வடிவா எழுதுவன்.”

புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்: அந்த நிரலில் உள்ள சொல்லைத் திருத்தும்வரை வாகனத்தைப் பொறுப்பேற்க மாட்டேன். பைக் முற்றத்தில் தறப்பாள் மூடி நின்றது. எஞ்சின் இறுகிவிடும் என்று மரியதாஸ் தவித்தார். தடுத்து வைத்த பொருள் பழுதடையாமல் காப்பது தடுத்து வைத்தவரின் கடமை என்ற விதியை வினோதினி தேடி எடுத்தார். அதன்படி, கிழமைக்கு ஒருமுறை மரியதாஸ் வந்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, பிளக் துவாரத்தில் எண்ணெய் விட்டு, கிக்கரை மெதுவாக மிதித்துவிட்டுப் போனார். சந்தேகநபரே சான்றுப் பொருளைப் பராமரித்த வேறொரு கோவை இந்தத் தீவில் இருக்குமோ தெரியாது. ‘வருகையின் நோக்கம்’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் அவர் எழுதியது: ‘சுகம் விசாரிக்க’.

நவம்பர் போனது. டிசெம்பரில் நினைவூட்டல் அனுப்பினேன். ஜனவரியில் இன்னொன்று. சங்கத்தின் பொதுக்கூட்டம் பெப்ரவரி பத்தாந் திகதி என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அந்தக் கிழமை மரியதாஸ் முற்றத்துக்கு வந்தபோது முதன்முறையாக என்னோடு கதைக்கவில்லை. கிக்கரை மிதித்தார், கையைத் துடைத்தார், போனார். நான் செய்தது சரியா என்று அன்று எனக்கே நிச்சயமில்லை. கையெழுத்தை வைத்திருந்தால் அரைகுறையாகவாவது ஒரு கடதாசி அவர் கையில் இருந்திருக்கும். இதை மறைக்காமல் சொல்கிறேன். சரியான முடிவு எடுத்தவனுக்கு மனம் அமைதியாக இருக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் முடிவே எடுத்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து கடைசியில் வந்த பதில் அரைப் பக்கம். முதற்பந்தி, எனது கடிதங்களின் நீளத்தைப் பற்றியது. இரண்டாவது: கோவையில் ‘சந்தேகநபர்’ என வரும் இடங்களில் எல்லாம் ‘வேலை செய்தவர்’ எனத் திருத்தி வாசிக்கப்படல் வேண்டும். மூன்றாவது: பொறிக்கப்படாதுள்ள மூன்று என்ற எண், பரிசோதகர் முன்னிலையில், மேற்படி வேலை செய்தவராலேயே பொறிக்கப்படலாம்.

தொலைநகலில் வந்த அந்தக் கடிதத்தை வினோதினி அன்றே தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். நான் பிரதியை வாங்கிக்கொண்டு நேரே குருநகருக்குப் போனேன். மரியதாஸ் இரண்டாவது பந்தியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “திகதியைக் காட்டுங்கோ அண்ணை, தலைவர் முதலிலை அதைத்தான் பாப்பார்” என்றார்.

காட்டினேன். பெப்ரவரி ஒன்பது. கூட்டத்துக்கு முதல்நாள்.